வானம் வரைந்த ஓவியர் டர்னர்

இங்கிலாந்தின் தலைநகராகிய இலண்டனில், கோவன்ட் கார்டன் என்னும் காய்கறிச் சந்தைக்கு அருகே, மெய்டன் லேன் என்றொரு குறுகிய தெரு உண்டு. பகலவனும் எட்டிப் பார்க்கத் தயங்கிய அத்தெருவில் வில்லியம் டர்னர் என்பார் முடிதிருத்தும் கடை ஒன்றை நடத்தி வந்தார். செல்வர்கள் அந்நாளில் அணிந்த பொய்ம்முடிகளைச் செய்து கொடுப்பதும் அவரது தொழிலே. அவருக்கும் அவர்தம் மனைவி மேரிக்கும் 1775ஆம் ஆண்டில் ஓர் ஆண்மகவு பிறந்தது. ஏப்ரல் 23ஆம் நாளே அக்குழந்தை பிறந்த நாள் என்று கொள்வது வழக்கம். ஜோசப் மேலர்ட் வில்லியம் டர்னர் என்று நீண்டதொரு பெயரை அதற்கு இட்டனர். உலகம் டர்னர் என்று சுருக்கமாக அழைக்கும் நீர்வண்ண ஓவிய மேதை இவரே.

மாணவச் செல்வங்களே! நம் பள்ளியில் ஓவியப் பாடம் என்றால் நீங்கள் எடுப்பது சிறு வண்ணக் கட்டிகளும் ஒரு குவளை நீரும் ஒரு தூரிகையுமே அல்லவா? டர்னர் தம் வாழ்நாள் முழுவதும் கையாண்ட கருவிகளும் ஏறக்குறைய அவையே. அவர் எண்ணெய் வண்ணத்தில் பெரும் படங்களும் தீட்டினார். அவற்றால் பெரும்புகழும் பெற்றார். ஆயினும் நாம் இங்கே சொல்லப் புகுவது, நம் ஏட்டின் இரு பக்கங்களை விரித்தால் அடங்கிவிடும் அளவினவாகிய அவருடைய சிறு நீர்வண்ணப் படங்களைப் பற்றியே. மேகமும் மழையும், மரமும் ஏரியும், வைகறையும் அந்தியும், எங்கோ ஒரு மூலையில் பறந்து செல்லும் இரண்டொரு பறவைகளுமே அவற்றின் பொருள். நம் கருத்தில், அவருடைய உள்ளம் பெரும் படங்களைவிட இவற்றிலேதான் தெளிவாகத் தெரிகின்றது.

அவரது இளமை இனிமையானது என்று கூறுவதற்கில்லை. எட்டு வயதில் தம் ஒரே தங்கையை அவர் சாவுக்குப் பறிகொடுத்தார். தாயாரோ கடுஞ்சினத்துக்கு ஆட்பட்டு, நாளடைவில் மனநோய் முற்றப் பெற்றார். வீட்டு நிலைமை கருதி, 1785இல் சிறுவனைப் பிரென்ட்ஃபர்டு என்னும் ஊரில் இறைச்சிக்கடை வைத்திருந்த தாய்மாமன் வீட்டுக்கு அனுப்பினர். அங்கேதான் அவன் தேம்ஸ் ஆற்றையும் கரையோர மரங்களையும் நெடுநேரம் நின்று பார்க்கக் கற்றான். அச்சிட்ட படங்களுக்கு வண்ணம் பூசிச் சில்லறைக் காசும் ஈட்டினான்.

தந்தையாரின் செயல் ஒன்றை நாம் இங்கே தனித்துக் கூறவேண்டும். மகன் வரைந்த படங்களை அவர் தம் கடையிலே தொங்கவிட்டு, முடிதிருத்த வருவோர்க்கு ஒரு ஷில்லிங் முதல் மூன்று ஷில்லிங் வரை விலை கூறி விற்றார். கடையில் கத்தி பிடித்து நின்ற அவ்வேழைத் தொழிலாளி, தம் மகன் தம் தொழிலுக்கு வாரிசாகவேண்டும் என்று ஒருநாளும் வற்புறுத்தவில்லை. பின்னாளில் மகன் பொருள் ஈட்டியபொழுது அவர் கடையைக் கைவிட்டார். மகனுக்கே உதவியாளராய் அமர்ந்து, துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டுவதும் முடிந்த படங்களுக்கு மெருகெண்ணெய் பூசுவதுமாக முதுமைவரை உழைத்தார்.

1789ஆம் ஆண்டின் இறுதியில், பதினான்கு வயதிலேயே, டர்னர் இராயல் அகாடமியின் ஓவியப் பள்ளியில் சேர்க்கப்பட்டார். அடுத்த ஆண்டிலேயே அவருடைய நீர்வண்ணப் படம் ஒன்று அகாடமியின் கண்காட்சியில் இடம்பெற்றது.

அக்காலத்தில் மன்றோ என்னும் மருத்துவர் ஒருவர் தேம்ஸ் ஆற்றை நோக்கிய அடெல்ஃபி என்னும் மாடிக் கட்டடத்தில் வாழ்ந்தார். ஓவியத்தில் பேரார்வம் கொண்ட அவர், குளிர்கால மாலைகளில் ஏழை இளைஞர்களைத் தம் வீட்டுக்கு வரவழைத்து, தம்மிடமிருந்த நல்ல படங்களைப் பார்த்து வரையச் செய்வார். மாலை ஆறு மணிக்குப் போனால் இரவு பத்து மணிவரை வேலை. ஓரிரவுக்கு டர்னர் பெற்ற கூலி 3 ஷில்லிங் 6 பென்ஸ். அவருடன் அமர்ந்து வரைந்தவர் தாமஸ் கெர்ட்டின். அவரும் 1775இல் பிறந்தவரே. தூரிகை செய்யும் தொழிலாளியின் மகன். கெர்ட்டின் கோடுகளை வரைவார். டர்னர் அதன்மேல் வண்ணநீரைப் பரப்பி ஒளியும் நிழலும் ஊட்டுவார்.

அவர்கள் பார்த்து வரைந்தவற்றுள் சிறந்தவை ஜான் ராபர்ட் கசன்ஸ் என்பாரின் மலைக்காட்சிகள். சாம்பலும் நீலமும் கலந்த சில வண்ணங்களை மட்டுமே கொண்டு, பார்ப்பவர் நெஞ்சில் ஒருவகை ஏக்கம் படியச் செய்தவர் கசன்ஸ். அவரோ அந்நாளில் மனம் பேதலித்து, அதே மன்றோவின் மருத்துவத்தில் இருந்தார், 1797இல் மறைந்தார். வாய்திறந்து ஒன்றும் கற்பிக்க இயலாத அந்நோயாளியின் படங்களே இவ்விரு இளைஞருக்கும் பள்ளிக்கூடமாயின.

மன்றோ மருத்துவர் பெத்லம் என்னும் மனநோய் மருத்துவமனைக்கும் மருத்துவராய் இருந்தார். 1800ஆம் ஆண்டின் இறுதியில் டர்னரின் தாயாரும் அம்மருத்துவமனையிலேயே சேர்க்கப்பட்டார். அவர் மீண்டும் வீடு திரும்பவில்லை, 1804இல் உயிர்நீத்தார். டர்னர் தம் தாயாரைப் பற்றி எவரிடமும் பேச விரும்பியதில்லை. இந்நிகழ்ச்சியை எண்ணும்பொழுது நமக்கு வருத்தமே மிகுகின்றது. இதற்கிடையே 1802இல் டர்னர் இராயல் அகாடமியின் முழு உறுப்பினரானார். அப்பொழுது அவருக்கு வயது இருபத்தாறே. அதே ஆண்டு நவம்பர் 9ஆம் நாள் நண்பர் கெர்ட்டின் இருபத்தேழு வயதில் காலமானார். அந்நண்பர் நீண்டநாள் வாழ்ந்திருந்தால் தம்மை விஞ்சியிருப்பார் என்ற எண்ணம் டர்னருக்கு இருந்ததாகக் கூறுவர்.

அந்நாளில் நீர்வண்ணத்துக்கு மதிப்புக் குறைவு. கோட்டோவியத்துக்குச் சிறிது நிறம் ஏற்றும் எளிய வேலை என்றே பெரியோர் பலர் அதனைக் கருதினர். கெர்ட்டினும் டர்னரும் அவ்வெண்ணத்தை மாற்றினர். டர்னர் எவ்வாறு வேலை செய்தார் என்பதைக் கேட்டால் நம் மாணவர்கள் வியப்படைவர். தாளை முதலில் நீரில் நன்றாக ஊறவிடுவார். ஈரம் உலராமுன் வண்ணத்தை அதன்மேல் விடுவார். அது தானாகப் படர்ந்து மேகமாகும், மூடுபனியாகும். மிகுதியான வண்ணத்தைப் பஞ்சாலும் ரொட்டித் துண்டாலும் ஒற்றி எடுப்பார். அலையின் நுரையோ விண்மீனின் ஒளியோ வேண்டுமாயின், தாளின் வெண்மை தெரியுமாறு கத்திமுனையால் சுரண்டுவார். அதற்கென்றே கட்டைவிரல் நகத்தை நீளமாக வளர்த்திருந்தார்! ஒரு தாள் உலர்வதற்குள் வேறொன்று, அதற்குள் மற்றொன்று என ஒரே வேளையில் பல படங்களும் அவர் கையில் வளரும். நீர்வண்ணத்தில் வெள்ளை என்பது பெரும்பாலும் பூசப்படுவதன்று, தாளில் விட்டுவைக்கப்படுவது. இதனை அவரைப்போல் அறிந்தவர் அரியர்.

கோடைக் காலங்களில் அவர் நாடெங்கும் நடந்தார். கோலின் நுனியில் சிறு மூட்டையைக் கட்டித் தோளில் சாய்த்துக்கொண்டு, ஒரு நாளைக்கு இருபது, இருபத்தைந்து மைல் நடப்பது அவருக்கு வழக்கம். சட்டைப்பையில் எப்பொழுதும் ஒரு குறிப்பேடு இருக்கும். வழியில் கண்டதைப் பென்சிலால் குறித்துக்கொண்டு, வண்ணத்தைப் பிறகு நினைவிலிருந்து தீட்டுவார். அவர் விட்டுச்சென்ற அத்தகைய குறிப்பேடுகள் ஏறத்தாழ முந்நூறு.

யார்க்‌ஷயர் மாநிலத்தில் ஃபார்ன்லி என்னும் பெரிய வீட்டின் தலைவர் வால்டர் ஃபாக்ஸ். அவர் நாடாளுமன்றத்தில் இருந்தவர். அடிமை வாணிகத்தை ஒழிக்கக் குரல் கொடுத்த நல்லவர். 1808 முதல் டர்னர் அவ்வீட்டின் விருந்தினராகி, நாளடைவில் அக்குடும்பத்தில் ஒருவரானார். பிறரிடம் கடுகடுப்பாகவும் கஞ்சத்தனமாகவும் பெயரெடுத்த மனிதர், அங்கே பிள்ளைகளோடு ஓடியாடி விளையாடினார், மீன்பிடித்தார், படமும் வரைந்தார். ஒருவர் உண்மையில் எத்தகையவர் என்பது அவரை வரவேற்கும் வீட்டைப் பொறுத்தும் அமைகிறது போலும்!

1810ஆம் ஆண்டில் ஒரு நாள், ஃபார்ன்லிக் குன்றுகளின்மேல் பெரும்புயல் எழுந்தது. இடியும் மின்னலும் உருண்டு புரண்டன. டர்னர் வீட்டு மகனாகிய ஹாக்ஸ்வொர்த்தைக் கூவி அழைத்தார். கையில் கிடைத்த ஒரு கடிதத்தின் பின்புறத்தில், மேகத்தின் வடிவையும் நிறத்தையும் விரைந்து விரைந்து குறித்தார். நல்ல தாள் எடுத்து வரட்டுமா என்று சிறுவன் வினவியதற்கும் அவர் இணங்கவில்லை. புயல் கடந்ததும், இரண்டு ஆண்டுகளில் இதனை மீண்டும் காண்பாய் என்று அவனிடம் கூறினார். அவ்வாறே 1812இல், கார்த்தேஜ் நாட்டுப் படைத்தலைவன் ஹானிபல் ஆல்ப்ஸ் மலையைக் கடக்கையில் பனிப்புயலில் சிக்கியதைக் காட்டும் பெரும்படம் இலண்டனில் வைக்கப்பட்டது. அப்படத்தில் மனிதர்கள் எறும்புகளாய்த் தெரிவர். வானத்தை நிறைத்து நிற்பது யார்க்‌ஷயரில் அச்சிறுவன் கண்ட அதே புயல்!

1818இல் நடந்ததும் சுவையானதே. போர்க்கப்பல் எவ்வளவு பெரிது என்று விளங்கும்படி ஒரு படம் வேண்டும் எனக் காலையுணவின்போது ஃபாக்ஸ் கேட்டார். டர்னர் உடனே எழுந்து சென்றார். ஹாக்ஸ்வொர்த்து அருகில் அமர்ந்து பார்த்தார். தாள் நனைந்து தோயும்வரை வண்ணநீரை ஊற்றினார் ஓவியர். பிறகு தேய்த்தார், கீறினார், சுரண்டினார்; பார்ப்பவருக்கு எல்லாம் குழப்பமாகவே தோன்றியது. சிறிது சிறிதாக, மாயம் போல, கப்பல் ஒன்று உருப்பெற்றது; பாய்மரக் கயிறுகளும் பீரங்கி வாயில்களும் அலைகளும் ஒவ்வொன்றாக வெளிவந்தன. நண்பகல் உணவுக்கு முன்னரே படம் முடிந்தது. அப்படத்தின் அகலம் நாற்பது சென்டிமீட்டருக்கும் குறைவு.

அவ்வீட்டார் பறவைகளைப் பற்றிய தொகுப்பேடு ஒன்றையும் உருவாக்கி வந்தனர். அதற்கென டர்னர் ஏறத்தாழ இருபது பறவைகளை நீர்வண்ணத்தில் தீட்டிக் கொடுத்தார். மீன்கொத்தி, நாரை, மயில், கூகை, குயில், புறா, மார்பு சிவந்த சிறு ராபின் குருவி எனப் பலவும் அவற்றுள் உண்டு. பெரும்பாலும் இவை வேட்டையில் வீழ்ந்த பறவைகளைப் பார்த்து வரையப்பட்டவை. ஆயினும், இறகின் ஒவ்வோர் இழையும் ஒளிபட்டுச் சிலிர்ப்பதுபோல் தோன்றுகின்றது. விலைக்கு வரையப்படாமல் அன்புக்கென்றே வரையப்பட்ட இப்படங்களை நாம் மிக உயர்வாக மதிக்கின்றோம். இவை இன்று லீட்ஸ் நகரக் கலைக்கூடத்தில் உள்ளன.

1816ஆம் ஆண்டின் கோடையில் டர்னர் யார்க்‌ஷயர் மலைப்பகுதிகளில் சுற்றியபொழுது மழை விடாது பெய்தது. ஐரோப்பா முழுவதற்குமே அவ்வாண்டு கோடை இல்லாத ஆண்டாயிற்று, பயிர்கள் அழிந்தன. அதற்குரிய காரணம் நம் நாட்டுக்குத் தொலைவில் இல்லை. 1815 ஏப்ரலில் சும்பாவா தீவிலுள்ள தம்போரா எரிமலை வெடித்து, அதன் நுண்துகள்கள் வானவெளியெங்கும் பரவியதே காரணம். அத்துகள்களால் அந்திவானம் வழக்கத்தைவிடச் செந்நிறம் கொண்டது என்பர். டர்னர் அக்காலத்தில் சிறு குறிப்பேடு ஒன்றில் வானத்தை மட்டுமே அறுபதுக்கும் மேற்பட்ட தாள்களில் தீட்டினார். பெரிய எரிமலை வெடிப்புகளுக்குப் பிந்திய அந்திப் படங்களில் சிவப்பு மிகுந்துள்ளதா என்று கிரேக்க அறிவியலார் ஆராய்ந்து, 2007இல் கட்டுரை வெளியிட்டனர். அவர்கள் எடுத்துக்கொண்ட ஓவியங்களில் டர்னரின் படங்களும் இருந்தன. மலாய்த் தீவுக்கூட்டத்து நெருப்பு, இங்கிலாந்து ஓவியர் ஒருவரின் தூரிகையைத் தொட்டிருக்கலாம் என்பது எண்ணி வியக்கத்தக்கது.

ஃபாக்ஸ் 1825இல் காலமானார். அதன்பின் டர்னர் ஒருமுறையேனும் ஃபார்ன்லிக்குச் செல்லவில்லை. செல்ல மனம் ஒப்பவில்லை. ஹாக்ஸ்வொர்த்து அவரை மறந்தாரில்லை. ஆண்டுதோறும் கிறிஸ்துமசுக்கு வாத்திறைச்சிப் பணியாரம் செய்து இலண்டனுக்கு அனுப்பி வந்தார். 1829இல் தந்தையாரும் மறைந்தார். ஐம்பத்து நான்கு வயதில் டர்னர் தனியரானார்.

அக்காலத்தில் அவர் நூல்களுக்கும் படம் வரைந்தார். சாமுவேல் ரோஜர்ஸ் என்னும் கவிஞரின் இத்தாலி பற்றிய நூல் 1830இல் வெளிவந்தபொழுது, அதில் டர்னரின் படங்கள் இருபத்தைந்து இருந்தன. உள்ளங்கையில் அடங்கும் அப்படங்களில் மலையும் ஏரியும் நிலவும் இருந்தன. அந்நூலைப் பிறந்தநாள் பரிசாகப் பெற்ற ஜான் ரஸ்கின் என்னும் சிறுவனே வளர்ந்தபின் டர்னரின் புகழைப் பாரறியச் செய்த பேரறிஞர். ஆனால் எல்லா முயற்சியும் வெற்றி பெற்றதில்லை. இங்கிலாந்து, வேல்ஸ் காட்சிகளைத் தொகுத்த பெருவெளியீடு தொண்ணூற்றாறு படங்களோடு 1838இல் நின்றுபோயிற்று. அதனை வெளியிட்டவர்கள் நட்டமடைந்தனர். தம் படங்களைச் செதுக்கிய செப்புத் தகடுகள் மலிவு விலைக்குப் போய்விடக் கூடாதென்று, டர்னரே 3000 பவுன் கொடுத்து அவற்றை வாங்கி வீட்டில் அடைத்து வைத்தார்.

அறுபத்தாறாம் வயதில் அவர் சுவிட்சர்லாந்து சென்றார். லூசெர்ன் ஏரிக்கு அப்பால் எழுந்து நிற்கும் ரிகி மலையை விடியலிலும் பகலிலும் அந்தியிலும் சளைக்காது பார்த்தார். 1842இல் நீல ரிகி, கரிய ரிகி, செந்நிற ரிகி என மூன்று படங்கள் பிறந்தன. நீல ரிகியில் சூரியன் இன்னும் எழவில்லை. மலை வெறும் நீல நிழலாக நிற்கின்றது. தாளைச் சுரண்டி வைத்த ஒரு புள்ளியாக விடிவெள்ளி மின்னுகின்றது. ஏரிக்கரையில் நாய்கள் நீரில் பாய, காட்டு வாத்துகள் வெருண்டு எழுகின்றன. பெரட்டுக்குப் புறப்படும் வைகறையில், பால்மரக் காட்டின்மேல் மூடுபனி கிடப்பதைக் கண்ட தோட்டப் பெருமக்களுக்கு அந்நிறமும் அவ்வமைதியும் நன்கு தெரிந்தவையே.

அவ்வாண்டு அவர் பத்துப் படங்களுக்கு ஆள் தேடினார். ஒன்றின் விலை 80 கினி. கினி என்பது இருபத்தொரு ஷில்லிங். வழக்கமாக வாங்குவோரும் தயங்கினர். படம் முடிவு பெறாததுபோல் உள்ளதென்று குறைகூறினர். அதே நீல ரிகியை 2007இல் வெளிநாட்டார் வாங்கிச் செல்லாமல் தடுக்க, டேட் கலைக்கூடத்தார் பொதுமக்களிடம் நிதி திரட்டினர். தேவைப்பட்டதோ ஏறத்தாழ ஐம்பது இலட்சம் பவுன்! ஐந்து பவுன் கொடுப்போர்க்குப் படத்தின் ஒரு தூரிகை வீச்சு உரியதாகும் என்று ஏற்பாடு செய்யப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் கொடுத்தனர். பெரிய அறநிறுவனங்களின் உதவியும் சேர, நாற்பத்தைந்து சென்டிமீட்டர் அகலமுள்ள அத்தாள் நாட்டிலேயே தங்கியது.

இறுதிக் காலத்தில் டர்னர் செல்சியில் தேம்ஸ் கரையோரச் சிறுவீடு ஒன்றில், பூத் என்னும் கைம்பெண்ணின் ஆதரவில், தம் பெயரை மறைத்து வாழ்ந்தார். அக்கம்பக்கத்தார் அவரை ஓய்வுபெற்ற கப்பற்படைத் தலைவர் என்றே நினைத்தனர்! நகரில் இருந்த அவரது சொந்த வீட்டிலோ கூரை ஒழுகியது. வாலில்லாப் பூனைகள் உலவின. விலைமதிப்பற்ற படங்கள் சுவரில் சாய்ந்து ஈரத்தில் கிடந்தன. 1851 டிசம்பர் 19ஆம் நாள், ஆற்றை நோக்கிய அறையில் அவர் உயிர் பிரிந்தது. ஃபார்ன்லியில் அவ்வாண்டின் பணியாரத்தைக் கட்டி வைத்திருந்தபொழுது இறப்புச் செய்தி எட்டியது. தூய பவுல் பேராலயத்தில் அவரை அடக்கம் செய்தனர்.

தம் செல்வத்தை நலிவுற்ற ஓவியர்களுக்கு இல்லம் அமைக்கவும், படங்களை நாட்டுக்கு வழங்கவும் அவர் உயில் எழுதியிருந்தார். உறவினர் வழக்காடினர். 1856இல் பணம் பெரிதும் அவர்களுக்குப் போயிற்று. ஏழை ஓவியர் இல்லம் எழவேயில்லை. கஞ்சர் என்று ஊரார் ஏசிய மனிதர் எதற்காகச் சேர்த்து வைத்தார் என்பது அவர் மறைந்த பின்னரே தெரிந்தது. தெரிந்தும் அது நிறைவேறவில்லை. படங்கள் மட்டும் நாட்டுக்கு வந்தன. எண்ணெய் வண்ணப் படங்கள் ஏறக்குறைய 300. தாளில் வரைந்தவை ஏறக்குறைய 30,000.

நீர்வண்ணத்துக்கு ஒளியே பகை. எந்த ஒளியை அவர் வாழ்நாளெல்லாம் வரைந்தாரோ, அதே ஒளி அவர் தீட்டிய நிறங்களை நாளுக்கு நாள் வெளுக்கச் செய்கின்றது. விரைவில் மங்கும் வண்ணங்களை வாங்காதீர் என்று வண்ணக்கடைக்காரர் எச்சரித்தும் டர்னர் செவிசாய்க்கவில்லை என்பர். இதனை நன்கறிந்தவர் ஹென்றி வாகன் என்னும் செல்வர். டர்னரின் நீர்வண்ணப் படங்களைத் தேடித் தேடிச் சேர்த்த அவர், அவற்றுள் முப்பத்தெட்டை ஸ்காட்லாந்தின் எடின்பரோ தேசியக் கலைக்கூடத்துக்கு எழுதி வைத்தார். 1900ஆம் ஆண்டில் அவை அங்குச் சேர்ந்தன. ஒரே ஒரு நிபந்தனை. அந்நாட்டில் வெயில் மிகவும் மங்கியிருக்கும் ஜனவரி மாதத்தில் மட்டுமே அவற்றை வெளியில் வைக்கவேண்டும். கட்டணம் ஏதும் வாங்கக் கூடாது. அதனால், குளிர் உறையும் அம்மாதத்தில் மக்கள் வரிசையாக வந்து பார்க்கின்றனர். மாதம் முடிந்ததும் படங்களைப் பெட்டிக்குள் வைத்துவிடுகின்றனர். எஞ்சிய பதினொரு மாதங்களும் அவை இருளில் இருக்கின்றன.